இரண்டாம் வருடத்துக்குப் போகிறீர்களா? ஆவலைக் கிளப்பிய ஒரு சந்திப்பைச் சொல்லுங்கள்

கடைசிபெஞ்ச்:
முதல் வருடம் சேரும்போது வரவேற்பு விழா. கடைசி வருடம் முடிக்கும்போது பிரிவு விழா. நடுவில் இருக்கிறவர்களுக்கு ஒன்றும் கிடையாது. நோட்டீஸ் போர்டில் டைம்டேபிளை ஒட்டிவிடுவார்கள், நாமாகப் போய் உட்கார வேண்டியதுதான். அப்படியிருந்தும், சேர்ந்த அன்றைக்கு இல்லாத ஆவல் இப்போது இருக்கிறது. காரணம் ஒரு சீனியர்.

லீவு விடுவதற்கு முன், நூலகத்தில் புத்தகம் திருப்பிக் கொடுக்கும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றிருந்தார். கையில் இருந்த புத்தகம் முழுக்க ஓரங்களில் பென்சில் குறிப்பு. நின்றபடியே ரப்பரால் பக்கம் பக்கமாக அழித்துக்கொண்டிருந்தார். நான் எட்டிப் பார்த்ததைக் கவனித்துவிட்டு, "அடுத்த வருஷம் உனக்கு இந்தப் பாடம்தானே? அப்ப மிச்சத்தை அழிக்கல, நீயே எடுத்துக்கோ" என்றார். அப்புறம் ஒன்று சொன்னார்: "முதல் வருஷம் எல்லாத் துறைக்கும் ஒரே கணக்கு, ஒரே இயற்பியல். நீ என்ன படிக்க வந்தேன்னு உனக்கே இனிமேதான் தெரியும்."

புத்தகம் இப்போது என்னிடம். ஓரிடத்தில் இப்படி எழுதியிருக்கிறார்: "இந்த வரி புரியலைன்னா அடுத்த பக்கத்துப் படத்தை முதல்ல பாரு." பார்த்தேன், புரிந்தது. பாடத்தை அந்தப் படத்திலிருந்தே ஆரம்பித்திருக்கலாமே என்று பாடப்புத்தகத்தை எழுதியவர்மேல் கோபம்கூட வந்தது.

மாடிப்படி:
எங்கள் ஹாஸ்டலில் வருடா வருடம் அறையை மாற்றிவிடுவார்கள். பழைய கூட்டம் ஆளுக்கொரு பக்கம் போய்விட்டது. எனக்குக் கிடைத்தது படிக்கட்டை ஒட்டிய அறை. நாள் முழுக்கச் செருப்புச் சத்தம் கேட்கும் என்று எல்லோரும் பரிதாபப்பட்டார்கள். பெட்டியைத் தூக்க ஒரு கை கொடுத்த உளவியல் துறை அக்கா மட்டும், "உனக்கு அடிச்சது லக்கு" என்றார்.

அவர் சொன்ன கதை: அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் மணமான மாணவர்கள் குடியிருந்த வீடுகளில் ஃபெஸ்டிங்கர், ஷாக்டர், பேக் என்ற மூவர் ஆய்வு செய்து 1950இல் வெளியிட்டார்கள். யார் யாருக்கு நண்பர் என்று கணக்கெடுத்தால், அடுத்தடுத்த வீட்டுக்காரர்களுக்குள் 41 சதவீதம் வந்தது. அதே வராந்தாவின் இரு கோடிகளில் இருந்தவர்களுக்குள் வெறும் 10. படிக்கட்டுக்குப் பக்கத்து வீட்டுக்காரர்களுக்கு மேல்மாடியிலும் நண்பர்கள் கிடைத்தார்களாம். மனப்பொருத்தம் எல்லாம் அப்புறம், வாசலில் எத்தனை முறை எதிர்ப்படுகிறோம் என்பதுதான் முதல் கணக்கு. நான் கதவைத் திறந்தே வைக்கப்போகிறேன். செருப்புச் சத்தம் வரட்டும்.

புதுசீனியர்:
எனக்கு ஒரே ஒரு எதிர்பார்ப்பு: ஜூனியர்கள். யாராவது வழி கேட்டால் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். முதல் நாள் எனக்கு வழி சொன்ன அண்ணன் "இரண்டாவது மாடி, இடது பக்கம்" என்றார். சரிதான், ஆனால் எந்தக் கட்டடம் என்பதை விட்டுவிட்டார்!

ஆறுபுள்ளிரெண்டு:
என் பெயரைப் பார்த்தே தெரிந்திருக்கும், முதல் வருட சி.ஜி.பி.ஏ., அதாவது பத்துக்கு எவ்வளவு என்ற மொத்தச் சராசரி, 6.2. இனிமேல் எதற்கு என்று சோர்ந்து போய் மதிப்பெண் பட்டியல் வாங்கப் போனேன். துறை ஆசிரியர் ஒருவர் அதைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் பென்சிலால் கணக்குப் போட்டார். மொத்தம் 8 செமஸ்டர், எல்லாவற்றுக்கும் ஒரே எடை, அதாவது ஒரே அளவு கிரெடிட் என்று வைத்துக்கொள். கடைசியில் 7.5 வேண்டுமென்றால் 8 பெருக்கல் 7.5, அதாவது 60. கையில் இருப்பது இரண்டு 6.2, அதாவது 12.4. மிச்சம் 47.6, அதை 6 செமஸ்டருக்குப் பிரித்தால் 7.93. "செமஸ்டருக்கு எட்டு. உன்னால முடியாதா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பையனைக் கூப்பிட்டார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பிடித்தது. இதே கணக்கை மூன்றாம் வருடம் முடித்துவிட்டுப் போட்டிருந்தால் மிச்ச இரண்டு செமஸ்டரில் மலையைத் தூக்க வேண்டியிருக்கும்.

சாக்பீஸ்:
நான் மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவன். இரண்டாம் வருட வகுப்பில் முதல் நாள் "போன வருஷம் படிச்சீங்களே" என்று கேட்டால் எல்லோரும் தலையைக் குனிந்துகொள்வார்கள். அது எங்களுக்குத் தெரிந்ததுதான். எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், பொருளே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885இல் புத்தகமாகப் போட்டார். ஒரே நாளில் பெரும்பகுதி போய்விட்டது. நீங்கள் விட்டது மாதக்கணக்கில் லீவு!

போன முறை கல்லூரி திறப்பதற்கு முன்பே ஒரு மாணவி வந்தார். கையில் வெள்ளைத்தாள்கள். பாடத்தலைப்பை மேலே எழுதி, புத்தகத்தைத் திறக்காமல் நினைவில் இருந்ததை மட்டும் கீழே எழுதியிருந்தார். ஒரு தாளில் இரண்டே வரி. "இந்த மாதிரி காலியா இருக்கிற தாளை மட்டும் சொல்லிக் கொடுங்க சார்" என்றார். இத்தனை வருட வேலையில் அவ்வளவு தெளிவான சந்தேகத்தை யாரும் என்னிடம் கொண்டுவந்ததில்லை. ரோடிகர், கார்பிக்கி என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006இல் காட்டியதும் இதைத்தான். திரும்பப் படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள், ஒரு வாரம் கழித்து வைத்ததில் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். ஆகவே கடைசிபெஞ்ச் தம்பி, சீனியரின் குறிப்பைப் படியுங்கள், தப்பில்லை. படித்ததும் மூடிவைத்துவிட்டு நீங்களே எழுதிப் பாருங்கள்.

நேரடிஇரண்டு:
நான் பாலிடெக்னிக் முடித்துவிட்டு நேராக இரண்டாம் வருடத்தில் சேருகிறேன். உங்களுக்கெல்லாம் ஒரு வருடப் பழக்கம், எனக்கு ஒருவரையும் தெரியாது. அட்மிஷன் வரிசையில் என்னைப் போலவே சேர வந்த ஒருவரைப் பார்த்தேன். சான்றிதழ் நகலில் கையெழுத்துப் போட என் பேனாவை வாங்கினார். திருப்பித் தருவதற்குள் அவரை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். லேப் பேட்ச் எப்படிப் பிரிப்பார்கள், யாருக்காவது தெரியுமா?

கடைசிபெஞ்ச்:
எங்கள் கல்லூரியில் ரோல் நம்பர் வரிசைப்படிதான். நேரடியாகச் சேர்கிறவர்களுக்குக் கடைசி நம்பர்கள், அதனால் பெரும்பாலும் ஒரே பேட்ச். லேப்புக்கு வேறு பேனா கொண்டுபோங்கள்.