லஹ்தி கழகம்: எட்டுப் பட்டமா, பூஜ்யமா?

ஆவணப்பித்தன்:
நேற்று வடகாற்று இங்கே எழுதிய கட்டுரையில், "பின்லாந்தின் எஃப்சி லஹ்தி, எட்டு முறை நாட்டின் லீக் பட்டத்தை வென்ற பெருமைக்குரிய கழகம்" என்றொரு வரி இருந்தது. என் தேநீர் ஆறிப்போகும்வரை அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். எஃப்சி லஹ்தி 1996இல் தோன்றிய கால்பந்துக் கழகம். 2008இலும் 2014இலும் பெற்ற மூன்றாம் இடம்தான் லீக்கில் அது எட்டிய உச்சம். அந்த எட்டில் ஐந்து அதே ஊரின் பழைய கழகமான கூஸூசி வென்றவை (1982, 1984, 1986, 1989, 1991). மூன்று இன்னொரு பழைய கழகமான ரெய்பஸ் வென்றவை (1963, 1967, 1970). இரண்டு பக்கத்து வீடுகளின் நகைகளைக் கூட்டி மூன்றாம் வீட்டுக்காரரின் சொத்துக் கணக்கில் எழுதும் வழக்கம் எந்த ஊரில் இருக்கிறது என்று கட்டுரையாளர் தெரிவித்தால் நலம்.

வடகாற்று:
பக்கத்து வீடுகள் அல்ல, ஐயா; தாய் வீடும் தந்தை வீடும். 1996இல் கூஸூசியும் ரெய்பஸும் இணைந்ததால் பிறந்ததுதான் எஃப்சி லஹ்தி. பெற்றோரின் நகை பிள்ளைக்கு வருவதில் தங்களுக்கு என்ன வருத்தம்? 1986 மார்ச்சில் லஹ்தியின் பனியில் ஸ்தாவ்வா புக்கரெஸ்ட் அணியைத் திணறடித்த அந்த மக்கள்தான் இன்றும் அரங்குக்கு வருகிறார்கள். அவர்களிடம் போய் "உங்கள் பட்டங்கள் பூஜ்யம்" என்று சொல்லிப் பாருங்கள்.

ஆவணப்பித்தன்:
அந்த ஆட்டம் லஹ்தியில் நடக்கவில்லை. அது 1986 மார்ச் 19 அன்று ஹெல்சிங்கி ஒலிம்பிக் அரங்கில் நடந்தது. 30,000 பேருக்கு மேல் வந்திருந்தார்கள். எந்த ஊரில் ஆட்டம் நடந்தது என்பதையே சரிபார்க்காதவர் எட்டு வரை எண்ணியிருக்கிறார் என்பதை நாங்கள் எப்படி நம்புவது? மறுபடியும் சொல்கிறேன்: எஃப்சி லஹ்தி, 1996, பூஜ்யம்.

பழையபந்து:
இருவரும் அந்த ஆட்டத்தை ஒரு வரியில் தாண்டிப்போவது எனக்கு வேதனையாக இருக்கிறது. 1985–86 ஐரோப்பியக் கோப்பையில் கூஸூசி முதலில் யூகோஸ்லாவிய வாகையரான சரயேவோவை இரு ஆட்டங்களிலும் 2–1 என்று வென்றது. அடுத்து வந்தது சோவியத் வாகையரான ஜெனித் லெனின்கிராத். அங்கே 1–2 என்று தோற்றுத் திரும்பிய அணி, சொந்த மண்ணில் கூடுதல் நேரம்வரை போராடி 3–1 என்று வென்று காலிறுதிக்குள் நுழைந்தது. அங்கே ஸ்தாவ்வா. புக்கரெஸ்டில் 0–0. ஹெல்சிங்கியில் ஆட்டம் முடியச் சில நிமிடங்களே இருந்தபோது பித்துர்கா அடித்த ஒரே கோல்தான் கூஸூசியை வெளியேற்றியது. அந்த ஸ்தாவ்வாதான் பின்னர் இறுதியாட்டத்தில் பார்சலோனாவை பெனால்டியில் வீழ்த்திக் கோப்பையைத் தூக்கியது. அந்த ஆண்டின் ஐரோப்பிய வாகையருக்கு இரண்டு ஆட்டங்களில் ஒரே ஒரு கோலை மட்டும் விட்டுக்கொடுத்த கழகம் கூஸூசி. அதன் கணக்கில் ஐந்து பட்டங்கள். எட்டும் இல்லை, பூஜ்யமும் இல்லை. ரெய்பஸ் வென்ற மூன்றை எங்கள் ஐந்தோடு சேர்த்துக் கூட்டுவதைக் கூஸூசி ரசிகனாக நான் அவமதிப்பாகவே கருதுகிறேன்.

நடுக்கோடு:
ஒரு சிறு விண்ணப்பம். "கழகம்" என்று நாம் எதைச் சொல்கிறோம் என்பதை முதலில் தீர்மானித்துக்கொள்ளலாமே? பதிவு பெற்ற சங்கத்தையா, லீக்கில் ஆடும் உரிமத்தையா, அணியை நடத்தும் நிறுவனத்தையா, ரசிகர் கூட்டத்தையா? இது தெளிவானால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும்.

வடகாற்று:
பழையபந்து அவர்களே, "எங்கள் ஐந்து" என்கிறீர்கள். ரெய்பஸின் மூன்று உங்களுக்கு ஏன் கசக்கிறது? 1972 முதல் 1976 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் பின்லாந்துக் கோப்பையை வென்ற கழகம் அது. 1964, 1978 ஆண்டுகளையும் சேர்த்தால் ஏழு. கூஸூசி வென்ற கோப்பைகள் 1983, 1987 என இரண்டே இரண்டு. மேலும் யாரி லித்மனென் என்ற பெயரை எங்காவது கேட்டிருக்கிறீர்களா? 1995இல் ஆம்ஸ்டர்டாமின் அயாக்ஸுடன் ஐரோப்பாவின் உச்சியைத் தொட்ட அந்த மனிதர், 1987இல் பதினாறு வயதில் முதல் நிலை லீக்கில் அடியெடுத்து வைத்தது ரெய்பஸ் சட்டையில்தான். அவருடைய தந்தை ஒலாவியும் ரெய்பஸ் ஆட்டக்காரர். அதே லித்மனென் 2004இலும் பிறகு 2008 முதல் 2010 வரையிலும் எஃப்சி லஹ்திக்கு ஆடினார். ஊர் திரும்பியவர் ஏதோ அந்நியக் கழகத்துக்கு வந்து சேர்ந்தார் என்றா ஆவணப்பித்தன் சொல்லப்போகிறார்?

ஆவணப்பித்தன்:
லித்மனென் 1991இல் எச்ஜேகேக்கும் 1992இல் மைபாவுக்கும் ஆடினார்; 2011இல் மறுபடி எச்ஜேகேக்கு ஆடினார். ஆட்டக்காரர் போகுமிடமெல்லாம் பட்டமும் கூடவே போகும் என்றால், ரெய்பஸின் மூன்றையும் இந்நேரம் ஆம்ஸ்டர்டாமுக்கு அனுப்பி வைத்திருக்க வேண்டும். லித்மனென் எங்கே பிறந்து எங்கே ஆடினார் என்று யாரும் கேட்கவில்லை. 1996க்குப் பின் எஃப்சி லஹ்தி எத்தனை லீக் பட்டம் வென்றது என்பதே கேள்வி. விடை ஒற்றை இலக்கத்தில் இருக்கிறது. அந்த இலக்கம் வட்டமானது.

தூந்திரா:
இடையில் ஒன்று. பின்னிஷ் மொழியில் அந்த "த" பல்லொலி. ஆகவே "லஹ்தி" என்பதே சரி, "லாட்டி" என்றும் "லாஹ்டி" என்றும் பழைய இழைகளில் எழுதியவர்கள் திருத்திக்கொள்ளலாம். தூய தமிழில் எழுத விரும்புவோர் "இலகுதி" என எழுதலாம். பட்டத்தை வென்றவரை "சாம்பியன்" என்னாமல் "வாகையர்" என்று இங்கே எழுதுவதைப் பாராட்டுகிறேன்.

பழையபந்து:
"இலகுதி" என்று எழுதினால் அந்த ஊர்க்காரரே தம் ஊரை அடையாளம் காணமாட்டார். பெயரைப் பற்றிப் பேச வேண்டுமானால் பொருளுள்ள ஒன்றைப் பேசுவோம். கூஸூசி என்றால் பேச்சுவழக்கில் அறுபத்தொன்பது. 1934இல் லஹ்தென் பல்லோ மியெஹெத் என்று தொடங்கிய கழகம், 1963இல் வீட்டு உபயோகப் பொருள்கள் தயாரித்த உபோ நிறுவனத்தின் பெயரில் உபோன் பல்லோ ஆனது. 1969இல் லஹ்தி-69 ஆனது. 1974இல் அந்த எண்ணையே பெயராக்கிக் கூஸூசி ஆனது. நான்கு பெயர்கள், ஆனால் ஒரே கழகம். இதுதான் வரலாற்றுத் தொடர்ச்சி.

வடகாற்று:
மிக்க நன்றி. என் வாதத்தை என்னைவிட அழகாகச் சொல்லிவிட்டீர்கள். மூன்று முறை பெயர் மாற்றிய பின்னும் அது ஒரே கழகம் என்றால், நான்காம் முறை "எஃப்சி லஹ்தி" என்று மாறியதும் அது திடீரென்று அநாதை ஆகிவிடுமா?

ஆவணப்பித்தன்:
பெயர் மாற்றம் வேறு, இணைப்பு வேறு. 1974இல் கூஸூசி வேறு எந்தக் கழகத்தோடும் சேரவில்லை. சட்டையில் இருந்த எழுத்து மட்டும் மாறியது. 1996இல் ஜென்மப் பகையாளிகள் இருவரை ஒரே கூரையின்கீழ் உட்காரவைத்து, இருவருக்கும் பொதுவான ஊர்ப்பெயரைச் சூட்டினார்கள். அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்ததே பழையவை இரண்டையும் சாராத ஒன்று வேண்டும் என்பதற்காகத்தானே? கூஸூசி, ரெய்பஸ் என்ற பெயர்கள் இளையோர் கால்பந்தில் தனித்தனியாக வாழ்ந்தன என்பதையும் வடகாற்று வசதியாக மறந்துவிட்டார். பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பிள்ளை சொத்தை எழுதி வாங்கும் கதை இது.

டென்மார்க்கைப் பாருங்கள். 1992இல் கேபியும் பி1903உம் சேர்ந்து எஃப்சி கோபன்ஹாகன் ஆயின. கேபிக்குப் பதினைந்து பட்டங்கள், பி1903க்கு ஏழு. இருபத்திரண்டு பட்டங்கள் கையெட்டும் தூரத்தில் இருந்தும், கோபன்ஹாகன் தான் வென்றவற்றை மட்டுமே தன் கணக்கில் எண்ணுகிறது. பின்லாந்திலேயே எடுத்துக்காட்டு வேண்டுமா? தாம்பெரேயில் இல்வெஸின் இடத்தில் 1998இல் தாம்பெரே யுனைடெட் எழுந்தது. 2001, 2006, 2007 ஆண்டுகளில் பட்டமும் வென்றது. 1983இல் இல்வெஸ் வென்ற பட்டத்தை யாரும் தூக்கி அதன் மடியில் போடவில்லை. இல்வெஸின் 1983 இல்வெஸிடமே இருக்கிறது. லஹ்திக்கு மட்டும் தனிக் கணக்கு வாய்பாடா?

வடகாற்று:
தாம்பெரே யுனைடெட்டை எடுத்துக்காட்டுவதில் தங்களுக்குக் கூச்சமே இல்லையா? ஐயத்துக்குரிய பணத்தை வாங்கியதற்காக 2011இல் லீக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட கழகம் அது.

ஆவணப்பித்தன்:
வெளியேற்றப்பட்ட கழகத்துக்குக்கூட மூன்று பட்டங்கள் இருக்கின்றன. எஃப்சி லஹ்திக்கு எத்தனை?

வடகாற்று:
எட்டு.

தூந்திரா:
இன்னொரு கோணத்தையும் பாருங்கள். ரெய்பஸ் லஹ்தியில் பிறந்ததே அல்ல. அது 1891இல் கரேலியாவின் வீபுரி நகரில் தொடங்கப்பட்ட சங்கம். போரில் கரேலியா சோவியத் கைக்குப் போனபோது 4,00,000க்கும் மேற்பட்ட மக்கள் வீடு வாசலை விட்டுப் பின்லாந்தின் மற்ற பகுதிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். அவர்களோடு சங்கங்களும் பெயர்ந்தன. ரெய்பஸ் லஹ்திக்கு வந்தது. 1940இல் வாகை சூடிய சூதெத் ஹெல்சிங்கிக்குப் போனது. தாம்பெரேயில் வேர்விட்ட இல்வெஸ்-கிஸ்ஸத் 1950இல் பட்டமே வென்றது. ஊரையே இழந்த பின்னும் அது அதே ரெய்பஸ் என்று ஏற்கும் ஆவணப்பித்தன், ஊர் மாறாமல் ஒரே தெருவில் நடந்த இணைப்பை மட்டும் பிறப்புச் சான்றிதழ் கேட்டு மறிப்பது ஏன்?

ஆவணப்பித்தன்:
வீபுரியிலிருந்து வந்த ரெய்பஸ் தன் பெயரோடு வந்தது, தன் மக்களோடு வந்தது, வேறெந்தக் கழகத்தோடும் கலக்காமல் வந்தது. நிலம் பறிபோனாலும் சங்கம் பறிபோகவில்லை. 1963இல் பட்டம் வென்றது அந்தச் சங்கம். எஃப்சி லஹ்தி என்ற பெயர் அப்போது யார் கனவிலும் இல்லை. அகதிகளின் துயரத்தைப் பட்டக் கணக்குக்குச் சாட்சியாக இழுத்து வருவது எனக்கு உவப்பாக இல்லை என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

தூந்திரா:
நான் துயரத்தை இழுக்கவில்லை, தொடர்ச்சியைத்தான் கேட்டேன். தாங்கள் விடை சொல்லாமல் என் மீது பழி சொல்லியிருக்கிறீர்கள். சென்ற ஆண்டு மைபா பற்றிய இழையிலும் இதையே செய்தீர்கள்.

ஆவணப்பித்தன்:
மைபா இழையிலும் நான் சொன்னதுதான் சரி. வேண்டுவோர் தேடிப் படித்துக்கொள்ளலாம்.

நடுக்கோடு:
என் கேள்வி மேலே அப்படியே இருக்கிறது. சங்கமா, உரிமமா, மக்களா?

பழையபந்து:
மக்களைப் பற்றிச் சொல்கிறேன். ஹெல்சிங்கிக்கு வடகிழக்கே 100 கிலோமீட்டரில், பனிச்சறுக்குத் தாவுமேடைகளின் நிழலில் இருக்கும் அந்த ஊரில், கூஸூசிக்காரரும் ரெய்பஸ்காரரும் ஒருவரையொருவர் எதிர்த்து நின்ற பகைதான் கால்பந்தையே வளர்த்தது. 1952 ஒலிம்பிக் ஆட்டங்கள் நடந்த கிசபுயிஸ்தோ திடலை இரண்டு தரப்பும் பங்குபோட்டுக்கொண்டன. இணைத்த பிறகு என்ன கிடைத்தது? இரண்டு வெண்கலங்கள், 2010இல் தரமிறக்கம். பகையை அழித்துவிட்டுப் பட்டங்களை மட்டும் வைத்துக்கொள்ள நினைப்பதைத்தான் நான் எதிர்க்கிறேன். ஐந்து எங்களுடையவை.

வடகாற்று:
அந்த 2010 அக்டோபரில் லித்மனெனுக்குச் சிலை வைத்த ஊர் அது. சிலை நிற்கும் இடம் அதே கிசபுயிஸ்தோ. அந்தச் சிலையைப் பார்த்து இவர் ரெய்பஸா, எஃப்சி லஹ்தியா என்று லஹ்திக்காரர் எவரும் பிரித்துக் கேட்பதில்லை. கட்டுரையிலும் இருந்த ஹெல்சிங்கி, லஹ்தி என்ற இடப்பிழையைத் திருத்திவிட்டேன். எட்டைத் திருத்தமாட்டேன்.

ஆவணப்பித்தன்:
திருத்திய கட்டுரையைப் பார்த்தேன். "எட்டு முறை" என்பது இப்போது தடித்த எழுத்தில் இருக்கிறது. எழுத்தைத் தடிப்பாக்கினால் எண் உண்மையாகிவிடாது. 1996.

தூந்திரா:
"தடித்த எழுத்து" அல்ல, "தடி எழுத்து".

பழையபந்து:
ஐந்து.