கைலேஞ்சி விழுந்த இடம்

குழு: எங்கள் வீட்டார்
ஞாயிறு, இரவு

கல்லடி அக்கா: ஷேக்ஸ்பியரின் ஒதெல்லோ நாடகம் பார்த்துவிட்டு இப்போதுதான் வந்தேன். சாப்பிட மனம் வரவில்லை. ஒதெல்லோவுக்குத் தலைவலி. அவன் மனைவி டெஸ்டிமோனா தன் கைலேஞ்சியை (கைக்குட்டையை) அவன் நெற்றியில் கட்டப் போகிறாள். "சின்னத் துணி, போதாது" என்று அவன் தட்டிவிடுகிறான். வெள்ளைத் துணி, சிவப்பு நூலில் ஸ்ட்ரோபெரிப் பழங்கள். விழுந்ததை இருவரும் கவனிக்கவில்லை. அவளுடைய பணிப்பெண் எமிலியா குனிந்து எடுத்து இடுப்பில் செருகினாள். எனக்குப் பக்கத்தில் இருந்த ஆச்சி, "அதைக் கொடுத்துவிடு பிள்ளை" என்று வாய்விட்டே சொன்னார்.

களுவாஞ்சிக்குடி மாமி: எமிலியாவை என்னால் மன்னிக்கவே முடியாது. கைலேஞ்சி எங்கே என்று டெஸ்டிமோனா கேட்கும்போது, "தெரியாது அம்மா" என்கிறாளே! தன் புருஷன் இயாகோவிடம் கொடுத்தவளே அவள்தானே? அவன் அதைக் காசியோவின் அறையில் போட்டுத்தானே, காசியோவுக்கும் டெஸ்டிமோனாவுக்கும் தொடர்பு என்று ஒதெல்லோவை நம்பவைத்தான்?

வந்தாறுமூலைத் தம்பி: அதே காட்சியில்தான் மாமி, பொறாமைக்காரருக்குக் காரணம் தேவையில்லை, பொறாமை தன்னைத் தானே பெற்றுக்கொள்ளும் என்றும் அவள் சொல்கிறாள். கடைசியில் உண்மையை உடைப்பவளும் அவள்தான். அதற்காக இயாகோ அவளைக் குத்திக் கொல்கிறான்.

களுவாஞ்சிக்குடி மாமி: அப்போது சொல்லி என்ன பயன்? ஒதெல்லோவின் கையால் டெஸ்டிமோனா போய்விட்டாளே.

பெரிய மாமா: நான் வடமோடிக் கூத்தில் துரியோதனனாக ஆடியவன். வளையம் வைத்த கரப்புடுப்போடு விடியும்வரை கூத்துக் களரியில் நிற்க வேண்டும். பழகும்போது, கூத்துச் சொல்லித்தரும் அண்ணாவியார் மத்தளத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்: "பொறாமை என்றால் பொறுக்க மாட்டாமை. உனக்கு எது பொறுக்கவில்லை என்று தெரியாமல் ஏன் காலை வைக்கிறாய்?" துரியோதனனுக்குப் பாண்டவரின் செல்வம் பொறுக்கவில்லை. இயாகோவுக்கு, துணைத்தளபதிப் பதவி காசியோவுக்குப் போனது பொறுக்கவில்லை. இரண்டு பேருக்கும் தங்கள் நோவு தெரியும். ஒதெல்லோவுடையதை நாங்கள் சந்தேகம் என்போம். தெரியாமல் இருப்பதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. கண்ணால் காணச் சாட்சி கொண்டுவா என்று இயாகோவின் கழுத்தைப் பிடிக்கிறான். தன் கையால் தட்டிவிட்ட துணி அது என்பது மட்டும் அவன் நினைவுக்கு வரவில்லை.

கல்லடி அக்கா: ஓம் மாமா, காசியோவிடம் அவன் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கிறான், எப்போது? கலியாணத்துக்கு விரித்த விரிப்பின்மேல் அவள் பிணமாகக் கிடக்கும்போது. என் மனைவியின் கைலேஞ்சி உனக்கு எப்படிக் கிடைத்தது என்கிறான். என் அறையில் கிடந்தது என்கிறான் காசியோ. அந்த இடத்தில் எனக்கு மூச்சே நின்றுவிட்டது.

வந்தாறுமூலைத் தம்பி: 1604 நவம்பர் 1ஆம் திகதி லண்டன் அரண்மனையில் ஆடிய நாடகம் அக்கா. அன்றும் ஓர் ஆச்சி, "கொடுத்துவிடு பிள்ளை" என்று சொல்லியிருப்பார்.

களுவாஞ்சிக்குடி மாமி: நாளையும் ஆடுகிறார்களா? எனக்கும் மாமாவுக்கும் டிக்கெட் எடுத்து வை மகள்.

கல்லடி அக்கா: ஆடுகிறார்கள் மாமி. ஆறு மணிக்கே வாருங்கள். முன்வரிசையில் இருந்தால்தான் கைலேஞ்சி விழுகிற இடம் தெரியும்.