சங்கும் மூக்குக் கண்ணாடியும்: மகளின் கட்டுரைக்கு உதவி தேவை

வணக்கம் அண்ணன், அக்கா எல்லாருக்கும். மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து எழுதுகிறேன். படிவம் ஆறு (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) படிக்கும் என் மகள், வில்லியம் கோல்டிங் 1954இல் எழுதிய ‘லார்ட் ஆஃப் தி ஃபிளைஸ்’ நாவலின் குறியீடுகளைப் பற்றிக் கட்டுரை எழுதுகிறாள். ஆளில்லாத் தீவில் மாட்டிக்கொண்ட பையன்கள் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுத்தனத்துக்குப் போகிற கதை. குச்சியில் செருகிய பன்றித் தலை, மலை உச்சியில் ‘மிருகமாக’த் தெரிகிற செத்துப்போன பாராசூட் வீரன், இதெல்லாம் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது.

நாவலில் வரும் சங்கில்தான் இருவரும் திணறுகிறோம். பையன்கள் கூடும்போது அதைக் கையில் வைத்திருப்பவனுக்கே பேச்சுரிமை. அவர்களில் ஒருவனான, மூக்குக் கண்ணாடி போட்ட பிக்கி சாகும்போது அதுவும் சுக்குநூறாகிறது. என் அப்பா காலத்தில் தோட்டத்துச் சங்கு ஊதினால் விடியாத இருட்டிலேயே பெரட்டுக்கு (வேலைக்கு முன் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு) ஓட வேண்டும். நமக்குக் கோயிலிலும் சங்கு, சாவு வீட்டிலும் சங்கு. இந்த அர்த்தங்களைக் கட்டுரையில் சேர்க்கலாமா, நாவலுக்குள்ளேயே நிற்க வேண்டுமா?

இன்னொன்று. பிக்கிக்குக் கிட்டப்பார்வை. அவன் கண்ணாடியில் இருப்பது நடுவில் மெலிந்த குழி லென்ஸ், அது வெயிலைக் குவிக்காது. எனக்கும் கிட்டப்பார்வைதான். என் கண்ணாடியைக் காய்ந்த ரப்பர் இலைக்கு மேல் பிடித்துப் பார்த்தோம். நடுவில் மங்கலான நிழல்தான் விழுந்தது, ஒளி ஒரு புள்ளியில் சேரவே இல்லை. கதையிலோ பிக்கியின் கண்ணாடியைக் கொண்டுதான் தீ மூட்டுகிறார்கள். கண்ணாடி அறிவின் குறியீடு என்று அவள் எழுதும்போது இந்தப் பிழையையும் சொல்லலாமா?

இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்கள் யாராவது வெள்ளிக்கிழமைக்குள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.