டிரம் நிறைய வாயு, அடுப்பில் தீ இல்லை

கொட்டில்வாசி:
இது இன்னும் மனதை உறுத்துகிறது. அண்ணன் வீட்டுச் சாண எரிவாயுக் கலன், வாயு சேரச் சேர மேலே எழும்பும் மிதக்கும் டிரம் வகை, சாணியில் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. ஒரு விசேஷத்தில் மிஞ்சிய சாப்பாட்டை மொத்தமாக உள்ளே கொட்டிவிட்டார்கள். மறுநாள் டிரம் எழும்பி நின்றது, எல்லோருக்கும் ஒரே சந்தோஷம். அடுப்பைத் திறந்தால் புஸ்ஸென்று வருகிறது, ஆனால் தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோனால் குச்சியே அணைகிறது. அண்ணி திரும்பத் திரும்பப் பற்றவைத்துப் பார்த்த அந்த முகம் மறக்கவில்லை. வெளிவந்த கரைசலில் புளித்த வாடை, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். தாள் 5.5 காட்டியது (7-க்குக் கீழே போனால் அமிலம்). டிரம்மில் இருந்தது பெரும்பாலும் கரியமில வாயு.

நீலச்சுடர்:
அமிலம் உண்டாக்கும் கிருமிகள் வேகமானவை, மீத்தேன் தருபவை மெதுவானவை; பி.எச். 7-ஐ ஒட்டி இருந்தால்தான் அவை பிழைக்கும். உடனே கலனுக்குப் போடும் தீனியை நிறுத்துங்கள், நன்றாக ஓடும் கலனிலிருந்து கரைசல் வாங்கி ஊற்றுங்கள். அமிலத்தைத் தணிக்கச் சுண்ணாம்பு போடுவது தற்காலிகம்தான். சாணியால் என்ன வாயு வந்துவிடப் போகிறது என்பவர்களோடு எனக்குத் தீராத சண்டை. மாடு செரித்தது போக மிச்சம்தானே, டன்னுக்குச் சுமார் 20 கன மீட்டர்தான் வரும், சாப்பாட்டுக் கழிவில் 100-ஐத் தாண்டும். ஆனால் அமிலத்தைத் தாங்குவது சாணி. எங்கள் கலனில் சாணி குறைந்த வாரமெல்லாம் சுடர் மஞ்சளாகிவிடும்.

பழைய குழாய்:
நீலச்சுடர், எந்தச் சாணி என்று சொல்லாமல் விட்டால் எப்படி? நான் பார்த்த இடத்தில் கோழி எச்சத்தை அள்ளிப் போட்டிருந்தார்கள். பி.எச். 8, புளிப்பே இல்லை, ஆனால் மூடியைத் திறந்ததும் கண்ணில் நீர் கொட்டியது. அத்தனை அமோனியா, வாயு படுத்துவிட்டது. தழைச்சத்து (நைட்ரஜன்) மிஞ்சினால் இப்படித்தான்; கரிச்சத்தும் (கார்பன்) தழைச்சத்தும் 20-30க்கு 1 என்ற கணக்கில் இருக்க வேண்டும்.

அப்புறம், கொட்டில்வாசி, கரைசலை முகர்ந்து பார்க்கும் பழக்கம் வேண்டாம். அதிலிருந்து வரும் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு காற்றில் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) அளவுக்குப் போனால் மூக்கே மரத்துவிடும், வாடை போய்விட்டது என்று நம்பிக் குழிக்குள் குனிகிறவர்தான் விழுகிறார். ஒருவர் விழுந்தால் காப்பாற்ற இறங்குபவரும் விழுவார். யாராக இருந்தாலும் மூச்சுக் கருவி இல்லாமல் இறங்கவே கூடாது.

கொட்டில்வாசி:
சரி, அண்ணனிடம் இன்றே சொல்லிவிடுகிறேன். தீனியை நிறுத்திச் சாணிக் கரைசல் மட்டும் ஊற்றியதில் சுடர் திரும்பிவிட்டது. இப்போது கழிவை அரைத்து, தினமும் கொஞ்சம்தான் போடுகிறார். ஆனால் எண்ணெய் மேலே ஏடாகக் கட்டுகிறது, அதை என்ன செய்கிறீர்கள்?