டிஃபரன்ஷியல் லாக்: 'வேறுபாட்டுப் பூட்டு' வேண்டாம், 'சக்கரப் பிணையல்'

வணக்கம் ஐயா,

டிராக்டரின் இரண்டு பின்சக்கரங்களையும் ஒன்றாகச் சுற்ற வைக்கும் 'டிஃபரன்ஷியல் லாக்' அமைப்புக்குத் தமிழ்ச்சொல்லாக, கோலாலம்பூரில் கூடிப் பேசி நீங்கள் அனுப்பிய 'வேறுபாட்டுப் பூட்டு' சொல்லுக்குச் சொல் சரிதான். ஆனால் டிராக்டரில் உட்கார்ந்திருப்பவருக்கு அது எதையும் சொல்லவில்லை.

உழும்போது நடப்பதைப் பாருங்கள். வலப்பக்கச் சக்கரங்கள் முந்தைய சாலுக்குள் ஓடும், இடப்பக்கம் உழாத தரைமேல். வண்டி வலப்பக்கம் சாய்ந்து எடையும் அங்கே போய்விடுவதால், தரை ஈரமாக இருந்தால் இடது பின்சக்கரம் பிடி விட்டுச் சுழலும், இரண்டு பின்சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடும் பல்சக்கர அமைப்பான டிஃபரன்ஷியலும் சுற்றையெல்லாம் அதற்கே கொடுத்துவிடும், வண்டி நின்ற இடத்திலேயே நிற்கும். அப்போது டிஃபரன்ஷியல் லாக் மிதியை அழுத்தினால் இரண்டு பின்சக்கரமும் ஒன்றாகக் கட்டப்பட்டு ஒரே வேகத்தில் சுற்றும். சால் முடிந்து திரும்பும் முன் அதை விடுவித்தாக வேண்டும், இல்லாவிட்டால் ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகவே போகப் பார்க்கும். உள்பக்க பிரேக்கை மட்டும் தனியாக மிதித்துத் திருப்பலாம் என்றால் அதுவும் நடக்காது.

நான் சிறுவனாக இருந்தபோது செபராங் பிறைத் தோட்டம் ஒன்றில், மிதி சிக்கிக்கொண்டதை அறியாமல் திருப்பிய ஒருவர் செம்பனைக் குலைகளோடு கால்வாயில் இறங்கினார். உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் இந்தச் சொல் எனக்கு வெறும் மொழிபெயர்ப்பு வேலையாக இல்லாததற்கு அதுதான் காரணம்.

அப்புறம் 'பூட்டு'. உழவில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. ஏர் பூட்டுவது என்றால் மாட்டைக் கலப்பையோடு இணைப்பது. டிராக்டரில் கலப்பையை மாட்டும் மூன்று முனை இணைப்புக்குத்தான் அது பொருந்தும். அதை இங்கே செலவழித்துவிட்டால் அங்கே என்ன செய்வோம்?

என் பரிந்துரை 'சக்கரப் பிணையல்'. களத்தில் கதிர் மிதிக்க மாடுகளை ஒன்றோடொன்று கட்டி ஓட்டுவதைப் பிணையல் என்பார்கள், என் பாட்டி சொல்லிக் கேட்டிருக்கிறேன். பிணையல் மாடு வட்டமாக அல்லவா சுற்றும், வெளிமாடு வேகமாக நடக்குமே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், உவமை முழுதும் பொருந்தாது. ஒன்று தனியே ஓட முடியாது என்ற பொருள் மட்டும் எனக்குப் போதும். வெறும் 'பிணை' என்று சுருக்கினால் நீதிமன்ற ஜாமீன் நினைவுக்கு வரும், அதனால் 'பிணையல்' என்றே நிற்கட்டும்.

மிதிக்குப் பக்கத்தில் ஒட்டும் சீட்டில் இப்படி எழுதலாம்: "பிணையல் மிதி. திரும்பும் முன் காலை எடு."

டிஃபரன்ஷியலுக்கு இன்னும் நல்ல சொல் அகப்படவில்லை. கிடைக்கும் வரை அதை அப்படியே எழுதுவோம், சரியா ஐயா?