மறு: ‘இருதன்மைக் கலப்பு’க்குப் பதில் ‘ஓராள் ஒன்றிப்பு’

அனைவருக்கும் வணக்கம். ‘hypostatic union’ என்ற கிறிஸ்தவ இறையியல் கலைச்சொல்லுக்குத் தமிழில் ‘ஓராள் ஒன்றிப்பு’ என்பது என் பரிந்துரை. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்கு என் பதில் இது.

> இயேசு முழுக் கடவுள், முழு மனிதர் என்ற கோட்பாட்டுக்கு ‘இருதன்மைக் கலப்பு’ என்று வைக்கலாமே? படித்ததும் புரிகிறது.

புரிகிறது, ஆனால் தவறாகப் புரிகிறது. பாலில் நீர் கலந்தால் அது பாலும் இல்லை, நீரும் இல்லை. ஐந்தாம் நூற்றாண்டுத் துறவி யூத்திக்கஸ் போன பாதை இதுதான். கடவுளியல்பும் மனித இயல்பும் ஒன்றான பிறகு ஒரே இயல்பு என்றார். அதை மறுத்துத்தான் 451இல் கால்செதோனில் ஆயர்கள் கூடிய பொதுச்சங்கம் ‘கலவாமல், மாறாமல், பகுபடாமல், பிரியாமல்’ என்று வரையறுத்தது. முதல் சொல்லே ‘கலவாமல்’. பெயரில் கலப்பை வைத்தால் கோட்பாடே கவிழ்ந்துவிடும். (கிரேக்கத்தில் அந்த நான்கும் எதிர்மறை முன்னொட்டுள்ள ஒற்றைச் சொற்கள். நம் எதிர்மறை வினையெச்சம் அதே கச்சிதத்தோடு வந்து பொருந்துவதில் எனக்குப் பெரிய மகிழ்ச்சி.)

> சரி, ‘இணைப்பு’?

இதற்கும் பழைய வழக்கு ஒன்று உண்டு. கான்ஸ்தாந்திநோபிள் ஆயர் நெஸ்தோரியுஸ் விரும்பிக் கையாண்ட கிரேக்கச் சொல்லுக்கு இணைப்பு என்றே பொருள். அலெக்சாந்திரியாவின் ஆயர் சிரில் அது போதாது என்றார். இணைத்தவை இணைத்த பிறகும் இரண்டாகவே பக்கத்தில் பக்கத்தில் நிற்கலாம். இறந்த நண்பர் லாசருவின் கல்லறை முன் அழுத இயேசுவும், ‘வெளியே வா’ என்று அவரை உயிரோடு அழைத்த இயேசுவும் ஒருவரே. மனிதர் அழுதார், கடவுள் அழைத்தார் என்று இரண்டு பேராக்கிவிட்டால் நம்மோடு அழுத கடவுள் என்று சொல்லவே வழியில்லை. கிறிஸ்தவ நம்பிக்கையின் உயிர் அங்கேதான் இருக்கிறது. அதனால் ‘ஒன்றிப்பு’ என்கிறேன். ‘இறை ஒன்றிப்பு’ என்று ஏற்கெனவே புழங்கும் சொல்தான்.

ஒன்றிப்பு எதில் நிகழ்கிறது? இயல்பில் அல்ல, ஆளில். ‘ஆள்’ கொச்சையாக ஒலிக்கிறது என்று ஒருவர் எழுதியிருந்தார். ஆனால் ‘நபர்’ விண்ணப்பப் படிவத்தை நினைவூட்டுகிறது, ‘ஆளுமை’ இன்று வேறு பொருளுக்குப் போய்விட்டது. தந்தை, மகன், தூய ஆவி என்ற மூவொரு கடவுளைப் பற்றிப் பேசும்போதும் ‘ஆள்’ என்கிறோம். இரண்டு இடத்திலும் கிரேக்க மூலம் ஒன்றே என்பதால் தமிழிலும் ஒன்றாக இருப்பதே முறை.

> ‘இரு இயல்பு’ என்பதும் பெயரில் வர வேண்டாமா?

வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. காப்டிக், சிரிய, ஆர்மீனிய மரபுத் திருச்சபைகள் கால்செதோனை ஏற்கவில்லை. ஆனால் அவர்களும் யூத்திக்கஸை மறுப்பவர்கள். கிறிஸ்துவை முழுக் கடவுளாகவும் முழு மனிதராகவும் அறிக்கையிடுபவர்கள். இந்த ஒன்றிப்பைக் குறிக்கும் தொடர் சிரிலுடையது, கால்செதோனால் வந்த பிரிவுக்கு முந்தியது. 431இல் கூடிய எபேசு பொதுச்சங்கம் இரு தரப்புக்கும் பொது. கலைச்சொல்லே ஒரு தரப்பை வெளியே தள்ளக் கூடாது. இரண்டு இயல்பு என்பதை விளக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

அப்புறம், விளக்கத்தில் ‘தன்மை’ என்று எழுதாமல் ‘இயல்பு’ என்றே எழுதுவோம். தன்மை ஒரு பண்பாகச் சுருங்கிவிடும். இங்கே பேசுவது மனித உடல், உள்ளம், அறிவு எல்லாம் சேர்ந்த முழுமை. நான்காம் நூற்றாண்டு ஆயர் அப்பொல்லினாரிஸ் கிறிஸ்துவுக்கு அந்த மனித அறிவு இல்லை என்று விட்டபோதுதான், அவரை மறுத்து ஆயர் நசியான்சு நகர் கிரகோரி ‘ஏற்கப்படாதது குணமாக்கப்படவில்லை’ என்று எழுதினார்.

எழுதும்போது ‘ஓராள்’ என்று சேர்த்தே எழுத வேண்டும். ‘ஓர் ஆள்’ என்று பிரித்தால் யாரோ ஒருவர் என்றாகிவிடும். பெயரடையாக ‘ஓராள் ஒன்றிப்புக் கோட்பாடு’ என்று ஒற்று மிகுத்து எழுதலாம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள், குறிப்பாக ‘ஆள்’ பற்றி.