ராமானுஜனுக்கு இம்போஸ்டர் சிண்ட்ரோமா? அந்த 23 வயது விவகாரம்

குடந்தை வாத்தியார்:
நேற்று எங்கள் ஊர்க் கல்லூரி ஒன்றில் தன்னம்பிக்கைப் பயிற்சி நடந்தது. வெளியூர்ப் பேச்சாளர் பிள்ளைகளிடம் சொன்னது இதுதான்: "கணித மேதை ராமானுஜனுக்கே இம்போஸ்டர் சிண்ட்ரோம், அதாவது நான் போலி, ஒருநாள் மாட்டிக்கொள்வேன் என்ற பயம், இருந்தது. கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்கு எழுதிய கடிதத்தில் தன்னை வெறும் குமாஸ்தா என்றுதான் சொல்லிக்கொண்டார். தகுதி இல்லாமல் இங்கே வந்துவிட்டோமோ என்று உங்களுக்குத் தோன்றினால் கவலைப்படாதீர்கள்." பிள்ளைகள் கைதட்டினார்கள். எனக்கு ரத்தம் கொதித்தது.

அவர் அந்தக் கடிதத்தைப் படித்தே இருக்க மாட்டார். 1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதம். சென்னைத் துறைமுகத்துக் கணக்குப் பிரிவில் ஆண்டுக்கு 20 பவுன் (இங்கிலாந்துப் பணம்) மட்டும் சம்பளம் வாங்கும் குமாஸ்தா என்று தொடங்குவது உண்மை. அதற்கு அடுத்து என்ன வருகிறது? எனக்குப் பல்கலைக்கழகப் படிப்பு கிடையாது, ஆனால் எனக்கென்று புதுப் பாதை ஒன்று போட்டுக்கொண்டிருக்கிறேன், இங்குள்ள கணிதக்காரர்கள் என் முடிவுகளைப் பார்த்துத் திகைக்கிறார்கள் என்று எழுதுகிறார். கூடவே சுமார் 120 தேற்றங்கள். அதற்கு முன்பே கேம்பிரிட்ஜில் பேக்கர், ஹாப்சன் என்ற கணிதக்காரர்கள் இருவருக்கும் எழுதி ஒன்றும் நடக்கவில்லை. அப்படியும் மூன்றாவது ஆளுக்கு எழுதுகிறவருக்கா தன்மேல் சந்தேகம்?

நீடாமங்கலத்துப் பொண்ணு:
வணக்கம் சார். நானும் அந்தக் கடிதத்தைப் படித்திருக்கிறேன். நீங்கள் ஒரு வரியைத் தாண்டிப் போய்விட்டீர்கள். குமாஸ்தா என்று சொன்ன கையோடு "எனக்கு இப்போது சுமார் 23 வயது" என்கிறார். அவர் பிறந்தது 1887 டிசம்பர் 22. கடிதம் எழுதும்போது 25 முடிந்துவிட்டது. இரண்டு வயது எங்கே போனது?

1904இல் பள்ளி முடித்தவர், கல்லூரி உதவித்தொகையை இழந்தார். பிறகு சென்னையில் எஃப்.ஏ. தேர்வு (கல்லூரியின் முதல் இரண்டு வருஷப் படிப்புக்கானது) எழுதி 1906இலும் தோல்வி, 1907இலும் தோல்வி. அந்த வருஷங்களை வெளியே காட்ட அவருக்குக் கூச்சமாக இருந்திருக்கிறது. அரியர் வைத்தவர்கள் பயோடேட்டாவில் அந்த வருஷத்தை எப்படி மறைப்பது என்று உட்கார்ந்து யோசிக்கிறார்களே, அதேதான் இது. தமிழ் மீடியத்தில் படித்து சென்னையில் ஐ.டி. கம்பெனிக்கு வந்தவள் நான். மீட்டிங்கில் வாய் திறக்கும்போதெல்லாம், இவர்கள் எப்போது என்னைக் கண்டுபிடிக்கப் போகிறார்களோ என்று வயிறு கலங்கும். அதனால் எனக்கு அந்த 23 புரிகிறது.

குடந்தை வாத்தியார்:
தங்கச்சி, "சுமார்" என்று போட்டிருக்கிறதே. தவிர அந்தக் கடிதம் முழுக்க அவருடைய சொந்த ஆங்கிலமும் இல்லை, நண்பர்கள் உதவியிருக்கிறார்கள். ஹார்டியே அப்படித்தான் கருதினார். எழுதிக் கொடுத்தவர் வயதைத் தப்பாகப் போட்டிருக்கலாம். இதைப் பிடித்துக்கொண்டு ஒரு மேதையை நோயாளி ஆக்க வேண்டாம்.

மன்னையான்:
வாத்தியாரே, ஜாதகம் பார்க்காமல் எதையும் செய்யாத வீடு அது. அந்த வீட்டுப் பிள்ளைக்குத் தன் வயது தெரியாதா?

வயது மட்டுமா? துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளம். வருஷத்துக்கு 360. அன்றைக்கு ஒரு பவுன் 15 ரூபாய். 24 பவுன் வர வேண்டும், கடிதத்தில் 20 இருக்கிறது. வயதிலும் குறைப்பு, சம்பளத்திலும் குறைப்பு. கணக்கில் பிழை விடுகிற ஆளா அவர்? தெரிந்தேதான் எழுதியிருக்கிறார். போன வருஷம் மேட்டூர் திறப்பு பற்றி இங்கே பேசியபோதும் நீங்கள் இப்படித்தான் உங்களுக்குப் பிடிக்காத எண்ணை எல்லாம் "சுமார்" ஆக்கினீர்கள். நான் மறக்கவில்லை.

குடந்தை வாத்தியார்:
மேட்டூர் விஷயத்தில் நான் சொன்னதுதான் சரி. அதை இங்கே இழுக்காதீர்கள்.

சம்பளத்தைக் குறைத்துச் சொன்னார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உதவி கேட்கிறவர் ஏழ்மையைச் சற்றுக் கூட்டித்தான் சொல்வார். இதையும் யோசியுங்கள். நான் போலி, மாட்டிக்கொள்வேன் என்று பயப்படுகிறவன் தன்னைப் பற்றி உலகம் அதிகமாக நினைத்துவிட்டதே என்றுதான் நடுங்குவான். இவரோ படிப்பு, பணம், அனுபவம் எல்லாவற்றையும் தானே குறைத்துச் சொல்லிவிட்டு ஒன்றை மட்டும் குறைக்காமல் வைக்கிறார், தன் கணக்கை.

நீடாமங்கலத்துப் பொண்ணு:
வயதைக் குறைத்தால் ஆள் குறைய மாட்டான் சார், உயர்வான். 25 வயதில் 120 தேற்றம் கொண்டுவருகிறவனைவிட 23 வயதில் கொண்டுவருகிறவன்தான் பெரிய ஆளாகத் தெரிவான். அந்த ஒரு இடத்தில் மட்டும் அவர் தன்னை ஏற்றிக் காட்டுகிறார். உள்ளபடி சொன்னால் போதாது என்று பயம் இல்லாவிட்டால் ஏன் ஏற்ற வேண்டும்?

திருவாரூர் மாணவி:
மன்னிக்கவும், உளவியல் படிக்கிறேன், ஒன்று சொல்லலாமா? இந்தக் கருத்தை 1978இல் முதலில் எழுதியவர்கள் பாலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு பெண்கள், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தில். அவர்கள் பார்த்தது 150க்கும் மேற்பட்ட பெண்களை. எல்லோரும் படிப்பிலும் வேலையிலும் உண்மையாகவே சாதித்தவர்கள், ஆனாலும் அதெல்லாம் அதிர்ஷ்டம், எங்கோ நடந்த தவறு என்று நம்பியவர்கள். அவர்கள் இதை நோய் என்று சொல்லவில்லை. மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேட்டிலும் இது கிடையாது. 1913இல் ராமானுஜனிடம் பட்டமோ பதவியோ இல்லையே. சாதனைக்கு வெளி அங்கீகாரம் வந்த பிறகுதானே இந்தக் கேள்வியே எழும்? 1918இல் லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் சங்கத்தின் ஃபெல்லோ ஆனபோது என்ன நினைத்தார் என்று தேடினால் பொருத்தமாக இருக்கும்.

மன்னையான்:
அதெல்லாம் இருக்கட்டும்மா. 23 எப்படி வந்தது?

காலிங்கராயன் வாய்க்கால்:
ஈரோட்டிலிருந்து ஒரு குரல். அவர் பிறந்தது எங்கள் ஊரில். கும்பகோணத்துக்காரர்கள் இப்படி உரிமை கொண்டாடுவதைப் பார்த்தால் வியப்பாக இருக்கிறது. உங்கள் ஊர் அரசுக் கல்லூரிக்குத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று பெயர் வேறு. அந்தக் கேம்பிரிட்ஜ் உதவித்தொகையைப் பறித்து வெளியே அனுப்பியது. நிஜக் கேம்பிரிட்ஜ் கப்பல் ஏற்றிக் கூப்பிட்டுக்கொண்டது.

குடந்தை வாத்தியார்:
பாட்டி வீட்டில் பிரசவம் நடந்தால் அது சொந்த ஊரா? சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்தார், டவுன் ஹைஸ்கூலில் படித்தார், 1904இல் கணிதத்துக்கு ரங்கநாத ராவ் பரிசு வாங்கினார். எங்கள் பள்ளி கொடுத்த பரிசு அது. கணக்கைத் தவிர மற்ற பாடங்களைத் தொடாமல் விட்டதால் உதவித்தொகை போனது. அது விதி. அன்றைக்கு யார் இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள்.

எல்லோருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். இந்தியக் கணிதச் சங்கத்தின் இதழில் ராமானுஜன் ஒரு கணக்குப் போட்டார். வர்க்கமூலத்துக்குள் வர்க்கமூலம் என்று முடிவில்லாமல் போகும், விடை 3. ஆறு மாதம் காத்திருந்தார். ஒருவராலும் போட முடியவில்லை. அப்புறம் விடையைத் தானே அனுப்பினார். 1911இல் அதே இதழில் பெர்னூலி எண்கள் பற்றிக் கட்டுரை. பட்டம் இல்லாதவர், தேர்வில் தோற்றவர், நாட்டில் உள்ள கணிதக்காரர்களைப் பார்த்து இதைப் போடுங்கள் பார்க்கலாம் என்கிறார்! 1913 பிப்ரவரி 27இல் ஹார்டிக்கு இரண்டாம் கடிதம். 1, 2, 3 என்று எல்லா எண்களையும் கூட்டினால் கழித்தல் பன்னிரண்டில் ஒன்று (-1/12) வரும் என்கிறார். இதைச் சொன்னால் எனக்குப் பைத்தியக்கார ஆஸ்பத்திரிதான் கதி என்பீர்கள் என்று அவரே எழுதுகிறார். தெரிந்தும் சொல்கிறார் பாருங்கள். இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள் ஐயா! உனக்கும் பயம், ராமானுஜனுக்கும் பயம் என்று தடவிக்கொடுப்பதை விட்டுவிட்டு, கணக்கைப் போட்டுக் கையில் வை, தைரியம் தானாக வரும் என்று சொல்லுங்கள்.

நீடாமங்கலத்துப் பொண்ணு:
அதே இரண்டாம் கடிதத்தில் நான் பாதிப் பட்டினி கிடப்பவன், மூளையைக் காப்பாற்றச் சாப்பாடு வேண்டும், உங்களிடமிருந்து ஆதரவாக ஒரு கடிதம் வந்தால் இங்கே உதவித்தொகை கிடைக்கும் என்றும் எழுதியிருக்கிறார். அதை விட்டுவிட்டீர்கள். அத்தனை தேற்றம் கையில் இருந்தும் இன்னொருவர் கையெழுத்துக்குக் காத்திருந்தார்.

இன்னொன்று சார். கணக்கைப் போட்டுக் கையில் வை என்கிறீர்கள். நாங்கள் போடாமலா இருக்கிறோம்? பதவி உயர்வு வந்த அன்றைக்கு எனக்கு வந்த முதல் நினைப்பு, பெயரை மாற்றிப் போட்டுவிட்டார்களோ என்பதுதான். வேலை கையில் இருந்தும் பயம் போகவில்லை. நேற்று கைதட்டிய பிள்ளைகளில் என்னைப்போல எத்தனை பேர் இருந்தார்களோ. அவர்களுக்கு அந்த ஒரு வாக்கியம் தேவைப்பட்டிருக்கிறது. உங்களுக்கு அது புரியாது.

குடந்தை வாத்தியார்:
எனக்குப் புரியாதா? எத்தனை வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் நான்! முதல் தலைமுறையாகக் கல்லூரிக்குப் போன விவசாயக் கூலி வீட்டுப் பிள்ளைகள் என் வகுப்பில் இருந்தார்கள். அவர்களிடம் உனக்கு இன்ன சிண்ட்ரோம் என்று ஒரு பெயர் கொடுத்திருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருப்பார்கள்.

திருவாரூர் மாணவி:
சார் சொல்வதும் அக்கா சொல்வதும் ஒன்றுக்கொன்று எதிர் இல்லை. 1977இலேயே உளவியலாளர் பாண்டுரா எழுதியிருக்கிறார், முடியும் என்ற நம்பிக்கைக்கு வலுவான ஊற்று செய்து முடித்த அனுபவம், அதற்கு அடுத்து தன்னைப்போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது என்று. கிளான்ஸும் ஐம்ஸும் பார்த்தவர்களிடம் முதலாவது ஏற்கெனவே இருந்தது. அதைத் தன்னுடையது என்று எடுத்துக்கொள்ளத்தான் அவர்களால் முடியவில்லை. பலர் கூடிப் பேசும்போது, தன்னைப்போலவே மற்றவர்களும் நினைப்பதைக் கேட்டுத்தான்...

மன்னையான்:
தங்கச்சி, பாடம் அப்புறம் நடத்தலாம். வாத்தியார் இன்னும் 23க்குப் பதில் சொல்லவில்லை.

காலிங்கராயன் வாய்க்கால்:
பிரசவ ஊர் சொந்த ஊர் இல்லை என்று சொன்னதற்கு அவர் முதலில் பதில் சொல்லட்டும். ஈரோட்டைக் கேவலமாகப் பேச இவருக்கு யார் உரிமை கொடுத்தது?

குடந்தை வாத்தியார்:
கேவலமாகப் பேசவில்லை, உள்ளதைச் சொன்னேன். 23க்கும் பதில் சொல்லிவிட்டேன், எழுதிக் கொடுத்தவர் பிழை. இதற்கு மேல் வேண்டுமானால் கடிதத்தின் முழு வாசகத்தையும் இங்கே போடுகிறேன். அந்தப் பேச்சாளரை அழைத்த கல்லூரிக்கும் ஒரு பிரதி அனுப்பப் போகிறேன்.

நீடாமங்கலத்துப் பொண்ணு:
போடுங்கள் சார். வயது வரியை விடாமல் போடுங்கள்.

மன்னையான்:
சம்பள வரியையும்.